மலை மேல சூப்பர்... கீழே இறங்கினா?

'ஹெச்.பி.'ன்னு சொன்னாலே கண்ணு விரியற கோஷ்டியா நீங்க? அப்போ வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் சுவர்ல சினிமா ஹீரோ சிரிக்கிறார். எங்க ரூம் சுவர்ல ஒரு வி-8 இன்ஜினோட குறுக்குவெட்டுப் படம்தான் சிரிக்குது. மெக்கானிக்கல், மூணாவது வருஷம். கிளாஸ்ல பொண்ணுங்க மொத்தமே அஞ்சு பேர். அதனால சொந்தக்காரங்க வீட்டுல எந்த வண்டி இருமினாலும், 'பாப்பாகிட்ட கேளு, அவதான் அதப் படிக்கிறா'ன்னு எனக்குத்தான் போன் வரும். (சில சமயம் மிக்ஸிக்கும் வரும். அது தனிக் கட்டுரை!)

போன டிசம்பர்ல வந்த போன், தாண்டிக்குடியில இருந்து. பேசினது பெரியப்பா பையன். ''பாப்பா, ஒரு நல்ல ஆஃபர் வந்திருக்கு. சூப்பர்சார்ஜர்ல சின்ன புல்லி மாத்தி, சாஃப்ட்வேர் ஏத்தினா 30 குதிரை கூடுமாம். ஒரே நாள் வேலை. என் ஃப்ரெண்டு அவன் கார்ல பண்ணிட்டான். நேத்து மலையில ஓட்டிப் பார்த்தேன்... பறக்குது! பண்ணிரவா?''

அண்ணன் வச்சிருக்கறது சூப்பர்சார்ஜர் வச்ச ஒரு பழைய வெளிநாட்டு பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்ட்ல, ஒரு சின்ன காரோட விலைக்கு வாங்கினது. கம்பெனி பேர் வேணாமே. இன்ஜின்ல கை வைக்கலை, அப்படியே ஸ்டாக். இதுவரைக்கும் ஜாலியான மேட்டர்தான். ஆனா அந்த வீட்டுல வேற வண்டி கிடையாது. பெரியப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா, பெரும்பாறை, சித்தரேவு, பட்டிவீரன்பட்டின்னு வளைஞ்சு வளைஞ்சு இறங்கி வத்தலக்குண்டு வந்து, அங்கிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இந்தக் கார்லதான் போகணும். அந்த நேரத்துல பானெட்டைத் திறந்துட்டு நிக்க முடியாது இல்லையா?

அதனால நான் 'பண்ணு'ன்னும் சொல்லலை, 'பண்ணாதே'ன்னும் சொல்லலை. ''செமஸ்டர் லீவுல வர்றேன்ணே, அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுத்துராதே''ன்னு மட்டும் சொன்னேன். அந்த ரெண்டு வாரத்துல நோட்டுல போட்ட கணக்கைத்தான் இப்போ உங்ககிட்ட ஒப்பிக்கப் போறேன். உங்க வண்டிக்கும் ஒருநாள் உதவும்.

துருத்தி டெக்னாலஜி

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீங்க. காத்தை அழுத்தி ஊதினா நெருப்பு தகதகன்னு எரியும். சூப்பர்சார்ஜரும் அதே வேலையைத்தான் செய்யுது. இன்ஜினுக்குள்ள அதிகக் காத்தை அழுத்தித் திணிச்சா, அதுக்கேத்த பெட்ரோலையும் சேர்த்து எரிக்கலாம். அதிகமா எரிச்சா அதிக பவர். சும்மா உவமைக்குச் சொல்லலை பாஸ். சூப்பர்சார்ஜர்ல பிரபலமான 'ரூட்ஸ்' வகை, 1860-கள்ல அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் செஞ்ச ஊதுகருவியில இருந்து வந்ததுதான். அது கார் பிறக்கறதுக்கு முன்னாடியே உலைகளுக்குக் காத்து ஊதிட்டு இருந்தது!

டர்போ எக்ஸாஸ்ட் புகையோட வேகத்துல சுத்தும். சூப்பர்சார்ஜர் இன்ஜினோட பெல்ட்ல சுத்தும். பெல்ட் மாட்டியிருக்கற புல்லி சின்னதானா, சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமா சுத்தி இன்னும் காத்தைத் திணிக்கும். 'சின்ன புல்லி'யோட மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

இந்த டெக்னாலஜிக்கும் மலைக்கும் பழைய சொந்தம் உண்டு. உயரம் கூடக் கூட காத்து மெலியும். சாதாரண இன்ஜின், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 சதவீத பவரை இழக்கும். 2,100 மீட்டருக்கு மேல இருக்கற கொடைக்கானல் போய்ச் சேரும்போது, அஞ்சுல ஒரு பங்கு போயிருக்கும். முதல் உலகப்போர்ல விமானங்களுக்கு இதே தலைவலி. 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, சுமார் 4,300 மீட்டர் உயரத்துக்கு, ஏத்திட்டுப் போய் டெஸ்ட் பண்ணினார். கடல் மட்டத்துல 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், உச்சியில 230-தான் கொடுத்தது. டர்போவை மாட்டினதும் 356!

ஆக, காத்தைத் திணிக்கறது தப்பே இல்லை. எங்கே, எவ்வளவு திணிக்கறோம்ங்கறதுதான் மேட்டர்.

அந்த ஃப்ரெண்டோட கார் ஏன் பறந்தது?

இப்போ கால்குலேட்டரை எடுங்க. தாண்டிக்குடி ரோட்டுல 1,300 மீட்டர் உயரத்துல நிக்கறோம்னு வச்சுக்கோங்க. அங்கே காத்தழுத்தம் சுமார் 0.87 பார். கீழே வத்தலக்குண்டு பக்கம் சுமார் 0.98 பார். சூப்பர்சார்ஜர் உள்ளே வர்ற அழுத்தத்தை ஒன்றரை மடங்கா ஆக்குதுன்னு எடுத்துக்கலாம். அப்போ ஸ்டாக் புல்லியோட கீழே இன்ஜினுக்குக் கிடைக்கறது 1.47 பார். மேலே 1.3 பார். மலையில வண்டி கொஞ்சம் சோம்பலா இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

சின்ன புல்லி போட்டு ஒன்றரையை 1.7 மடங்கா ஆக்கினா? மலையில 1.48 பார். அட, இது ஸ்டாக் கார் கீழே வாங்கற அதே அழுத்தம்! அதாவது மலையில அந்த இன்ஜின், கம்பெனி டிசைன் பண்ணின அளவுக்குள்ளதான் ஓடிட்டு இருக்கு. டிசம்பர் மாசக் குளிர் வேற. பறக்காம என்ன செய்யும்?

அதே காரைக் கீழே இறக்குங்க. 1.66 பார். இதை அந்த டெஸ்ட் டிரைவ்ல யாருமே பார்க்கலை.

அழுத்தத்தை விட மோசமான வில்லன் ஒருத்தர் இருக்கார். பேரு, சூடு. காத்தை அழுத்தினா சூடாகும், சைக்கிள் பம்ப் அடிச்சா அடிப்பக்கம் சுடுமே, அது மாதிரி. சூப்பர்சார்ஜரோட திறன் 60 சதவீதம்னு வச்சு நான் போட்ட கணக்கு இது. மலையில 20 டிகிரி குளிர்ல சின்ன புல்லி போட்ட கார்ல, அழுத்தின காத்து கிட்டத்தட்ட 100 டிகிரி. கீழே மே மாச 38 டிகிரியில ஸ்டாக் கார்ல 102 டிகிரி. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா அதே மே மாசம், கீழே, சின்ன புல்லியோட? 123 டிகிரி! இன்டர்கூலர் இதுல ஒரு பகுதியைத்தான் குறைக்கும். அது தூசி படிஞ்சு கிடந்தா அதுவும் கிடையாது.

சூடும் அழுத்தமும் சேர்ந்தா வர்றதுதான் 'நாக்கிங்'. ஸ்பார்க் பிளக் பத்தவச்ச நெருப்பு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே, மூலையில இருக்கற பெட்ரோல்-காத்துக் கலவை தானா வெடிக்கும். தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம் வரும். இப்போ வர்ற கார்கள்ல நாக் சென்சார் இருக்கு. அது இக்னிஷன் டைமிங்கைப் பின்னாடி இழுத்து இன்ஜினைக் காப்பாத்தும். ஆனா டைமிங் பின்னாடி போனா பவரும் போச்சு. காசு கொடுத்து வாங்கின 30 குதிரை மே மாசம் லீவ் போட்டுரும். சென்சாரால சமாளிக்க முடியாத அளவுக்குப் போனா, பிஸ்டன்ல ரிங் உட்கார்ற விளிம்பு உடையும். அதுக்கப்புறம் இன்ஜினைப் பிரிச்சே ஆகணும்.

பெரியப்பாவை ஏத்திட்டுப் போற அந்த அவசரப் பயணத்தை நினைச்சுப் பாருங்க. அது மலையில முடியறதில்லை. கீழே, தரையில, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கற நேரத்துலதான் இன்ஜினுக்கு உச்சக்கட்ட சோதனை. 'மேலே சூப்பரா இருந்துச்சு'ங்கற சர்ட்டிஃபிகேட் அங்கே செல்லாது.

கம்பெனிக்காரன் எப்படி ஏத்தறான்?

'அப்போ ஸ்டாக் இன்ஜின்ல பவரே ஏத்தக் கூடாதா?'ன்னு கேட்காதீங்க. ஏத்தலாம். கம்பெனிகளே ஏத்தியிருக்கு. மெர்சிடிஸ் பென்ஸ், 2000-கள்ல ஒரே 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் இன்ஜினை சி-கிளாஸ் கார்கள்ல மூணு விதமா வித்தது. சி 180 கொம்ப்ரசர்ல 143 குதிரைத்திறன், சி 200-ல் 163, சி 230-ல் 192. ஒரு இன்ஜின் குடும்பம் எவ்வளவு தாங்கும்ங்கறதுக்கு இதுதான் நம்பகமான அளவுகோல். உங்க இன்ஜினோட அண்ணனை கம்பெனியே எந்த அளவு வரைக்கும் வித்திருக்குன்னு பாருங்க. அதைத் தாண்டினா நீங்க தனியாள்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. ஃபியட்டோட 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ இன்ஜின், 2010-ல் லீனியாவில் வந்தப்போ 114 குதிரைத்திறன். அதே இன்ஜின் 2015-ல் அபார்த் புன்டோவில் 145. முப்பத்தொண்ணு கூடுதல்! ஆனா டார்க்கைப் பாருங்க... 207 நியூட்டன் மீட்டர், 212 ஆச்சு. வெறும் அஞ்சுதான். கனெக்டிங் ராடையும் கிளட்சையும் கியர்பாக்ஸையும் முறுக்கறது டார்க். அதைக் கிட்டத்தட்ட அப்படியே வச்சுக்கிட்டு, அதிக ஆர்.பி.எம். வரைக்கும் டார்க்கை விழாம பார்த்துக்கிட்டாங்க. டார்க்கை ஆர்.பி.எம்.-ஆல பெருக்கினாதானே பவர்! கூடவே நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக், தாழ்வான சஸ்பென்ஷன். பவர் ஏத்தறவன் பிரேக்கையும் ஏத்தினான். கவனிச்சீங்களா?

பவர் ஏத்தாம காரை வேகமாக்கவும் வழி உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன், சாதா மாருதி 800 இன்ஜினை எடை குறைஞ்ச சேஸிஸ்ல வச்சு 'ஃபார்முலா மாருதி'ங்கற ரேஸ் காரையே உருவாக்கினார். இன்ஜின் அதேதான், எடையைக் குறைச்சார். அவர் பேர்லதான் கோவையில கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு.

பானெட்டைத் திறந்தோம்

லீவுல நான் தாண்டிக்குடி போய்ச் சேர்ந்தப்போ காபிப் பழம் பறிச்சுட்டு இருந்தாங்க. வீட்டு முற்றம் பூரா காபிக்கொட்டை காயுது. அதை மிதிக்காம தாண்டி, காரை எடுத்துக்கிட்டு நானும் அண்ணனும் வத்தலக்குண்டுல ஒரு மெக்கானிக்கிட்ட போனோம். கேள்வி கேட்டது நான், பதில் சொன்னது அண்ணனைப் பார்த்து! பத்து நிமிஷம் அப்படியே போச்சு. ''ஸ்மோக் டெஸ்ட் பண்ணலாமாண்ணே? இன்டேக்ல லீக் இருக்கும்னு நினைக்கிறேன்''னதும், ''ஏம்மா, இதெல்லாம் காலேஜ்லயா சொல்லித் தர்றாங்க?''ன்னு திரும்பினார். அதுக்கப்புறம் ஸ்பேனர் என் கையில.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. வண்டியோட டயக்னாஸ்டிக் பாயின்ட்ல ஒரு சின்ன கருவியை மாட்டி, போன்ல பார்த்தபடியே வந்தேன். ஸ்டாக் புல்லிக்கு அரை பாரை ஒட்டி பூஸ்ட் வரணும். இதுல வந்தது 0.35.

புகையை உள்ளே விட்டதும், சூப்பர்சார்ஜருக்கு அப்புறம் வர்ற ஒரு ரப்பர் ஹோஸ்ல இருந்து மெல்லிசா கசிஞ்சது. வயசான ரப்பர், வெடிச்சிருந்தது. காத்தை அழுத்தி அழுத்தி வெளியே விட்டுட்டு இருந்திருக்கு! ஏர் ஃபில்டர்ல மலைத்தூசி அடை அடையா இருந்துச்சு. பிளக் எல்லாம் தேஞ்சு கேப் அகலமாயிருந்தது. இன்டர்கூலர் முன்னாடி பூச்சிகளோட மியூசியம். கம்ப்ரெஷன் டெஸ்ட்ல மட்டும் நாலு சிலிண்டரும் நல்லாவே பாஸ்.

எல்லாத்தையும் மாத்தி, கழுவி, மறுபடி பார்த்தோம். பூஸ்ட் 0.47. புல்லியைத் தொடவே இல்லை. காணாமப் போன குதிரைகள் லாயத்துக்குத் திரும்பிருச்சு. அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து இறங்கினான். ''இதுதான்டா நான் வாங்கின கார்''னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டு, ''சரி, புல்லி எப்போ?''ன்னு என்னைப் பார்த்தான். ஆசை அவ்வளவு சீக்கிரம் அடங்குமா!

அப்போ இன்னொரு கணக்கைக் காட்டினேன். ஆட்களோட 1,600 கிலோ கார், பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறுற ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போகணும்னா, ஏற்றத்துக்குத் தேவைப்படறது 20 குதிரைத்திறன்தான். டயர் உராய்வையும் சேர்த்தா 25-க்குள்ள. அந்தக் கொண்டை ஊசி வளைவுகள்ல அதுக்கு மேல வேகம் போகவும் முடியாது. ''மிச்சக் குதிரையெல்லாம் ஏற்கெனவே சும்மாதான்ணே நிக்குது. ஆனா இறங்கும்போது அதே 20 குதிரையை பிரேக்குதான் சூடா மாத்தி வெளியே தள்ளணும்.''

அண்ணன் ஒண்ணும் பேசலை. பிரேக் ஆயில் எப்போ மாத்தினதுன்னு மெக்கானிக் கேட்டார். யாருக்கும் ஞாபகம் இல்லை. புல்லிக்கு ஒதுக்கின காசுல புது பிரேக் பேடும், டாட்-4 ஆயிலும், ரெண்டு டயரும் வந்துச்சு. மிச்சம் பெரியம்மாகிட்ட போச்சு. அது திரும்பி வராதுங்கறது அண்ணனுக்கும் தெரியும்!

சரி, ஏத்தியே தீருவேன்னா?

வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

முதல்ல, இழந்ததை மீட்கணும். கம்ப்ரெஷன், லீக், ஃபில்டர், பிளக், பெல்ட், பெட்ரோல் பிரஷர். இதுல ஒண்ணு சரியில்லைன்னாலும் அங்கேயே நிறுத்துங்க.

ரெண்டாவது, சூட்டுக்கு வழி. இன்டர்கூலரும் ரேடியேட்டரும் கூடுதல் சூட்டைத் தாங்குமான்னு பார்த்துட்டு அப்புறம் பூஸ்ட். ஒரு படி குளிர்ச்சியான ரகப் பிளக், கேப் கொஞ்சம் குறைவா.

மூணாவது, எரிபொருள். கூடுதல் காத்துக்குக் கூடுதல் பெட்ரோல் வரலைன்னா கலவை மெலிஞ்சு சூடு எகிறும். இப்போ பங்க்ல கிடைக்கற ஈ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது ஆக்டேனை ஏத்தும், நல்லதுதான். ஆனா லிட்டருக்கு 6-7 சதவீதம் ஆற்றல் குறைவு. அதே வேலைக்கு இன்ஜெக்டர் இன்னும் அதிகமா ஊத்தணும். ஸ்டாக் இன்ஜெக்டரும் பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில இருந்தா? பழைய கார்னா ரப்பர் பைப்புகள் எத்தனாலைத் தாங்குமான்னும் பார்க்கணும்.

நாலாவதாத்தான் புல்லியும் சாஃப்ட்வேரும். டைனோவுல ஏத்தி, வைட்பேண்ட் சென்சார்ல கலவையை அளந்து, காத்தோட சூட்டையும் நாக்கிங்கையும் பதிவு பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா. உங்க ஏரியாவிலேயே தாழ்வான இடத்துல, வெயில் காலத்துல டியூன் பண்ணுங்க. கீழே தாங்கினா மேலேயும் தாங்கும். மேலே தாங்கினது கீழே தாங்கும்னு யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், சட்டம். கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு தடுக்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு 182ஏ பிரிவு சொல்லுது. மாத்தினதை மறைச்சா இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கல்ல போகும். ஆசை அடங்கலைன்னா தனி ட்ராக் கார் வச்சுக்கோங்க. கோவையிலயும் இருங்காட்டுக்கோட்டையிலயும் ட்ராக் இருக்கு. வீட்டுல இருக்கற ஒரே வண்டியில வேண்டாமே.

கடைசியா, 'பாஸ், ஒரே நாள்ல முப்பது குதிரை ஏத்தித் தர்றேன்'னு எந்தக் கடைக்காரர் சொன்னாலும் மூணே மூணு கேள்வி கேளுங்க. ''இந்த இன்ஜின்ல இப்போ எவ்வளவு பூஸ்ட் வருது, அளந்தீங்களா?'' ''மே மாசம், தரையில, முழு மிதியில காத்தோட சூடு எத்தனை டிகிரி?'' ''கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வரும்?''

மூணுக்கும் நம்பர்ல பதில் வந்தா மேற்கொண்டு பேசுங்க. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி'ன்னு பதில் வந்தா... சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க!